கூரையில் விளையும் மின்சாரமும் கையில் கிடைக்கும் கணக்கும்

சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு நாள், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ராத்தா முன்விறாந்தையில் என் மனைவியோடு அமர்ந்திருந்தார். கையில் மின்கட்டணப் பட்டியல். என்னைக் கண்டதும் எழுந்து, "மௌலவி, நீங்க எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவங்க. இந்த பில்லைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. எங்கட கரண்டை யாரோ களவெடுக்கிறாங்க" என்றார்.

ராத்தாவின் மகன் கட்டாரில் உழைக்கிறார். 2023ஆம் ஆண்டு அவர் அனுப்பிய பணத்தில் வீட்டுக் கூரையில் ஐந்து கிலோவாட் சோலார் பெனல் பூட்டப்பட்டது. படிக்கட்டுக்குக் கீழே சுவரில் இன்வேட்டர் என்ற பெட்டி இருக்கிறது. அந்த மாதம் அது காட்டிய உற்பத்தி 610 யூனிட். பேரன் கொப்பியில் எழுதி வைத்திருந்தான். ஆனால் மின்சாரக் காரியாலயத்தின் பட்டியலில் "ஏற்றுமதி" என்ற இடத்தில் இருந்ததோ 430 மட்டும்தான். மீதி 180 யூனிட் எங்கே? ராத்தாவின் கேள்வி அதுதான். மீற்றர் பார்க்க வரும் தம்பியைத்தான் அவர் சந்தேகித்தார். மறுநாள் அவன் வந்தால் வாசலில் வைத்தே கேட்டுவிடுவது என்றும் முடிவு செய்திருந்தார்.

உண்மையைச் சொல்வதானால், அன்றிரவு எனக்கும் அந்தப் பட்டியல் விளங்கவில்லை. பராஇழ் பங்குக் கணக்கு போட்டுப் பழகிய கைக்கு இது புதுக் கணக்கு. "ராத்தா, இரண்டு நாள் பொறுங்க. அதுவரைக்கும் அந்தப் பொடியனிடம் ஒன்றும் கேட்காதீங்க" என்று அனுப்பி வைத்தேன். என்னிடம் ஓதி, பின்னர் மின்வேலை படித்த மாணவர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் சொல்லித் தந்ததையும், அதன்பின் நான் விசாரித்து அறிந்ததையும் எழுதுகிறேன். இப்போது எத்தனையோ வீடுகளில் இந்தப் பெனல் இருக்கிறது. பட்டியல் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

அந்த 180 யூனிட்டை யாரும் எடுக்கவில்லை. அந்த வீடேதான் எடுத்தது. பகல் நேரத்தில் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரம் முதலில் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் குடித்தது போக மீதியே வாசல் மீற்றரைத் தாண்டி வீதிக்குப் போகிறது. வீதிக்குப் போனதைத்தான் மீற்றர் "ஏற்றுமதி" என்று எழுதும். சூரியன் மறைந்த பின் வீதியிலிருந்து வீட்டுக்குள் வருவதை "இறக்குமதி" என்று எழுதும். வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே முடிந்தது எந்த இடத்திலும் எழுதப்படுவதில்லை. ராத்தாவின் பட்டியலில் இறக்குமதி 150. ஆகவே 430இலிருந்து 150 போக, மின்சார சபை வாங்கிக்கொண்டது 280 யூனிட். அந்த வீடு உண்மையில் பாவித்தது 180உம் 150உம் சேர்ந்து 330 யூனிட்.

இதை விளங்கப்படுத்தியபோது ராத்தா சற்று நேரம் பேசவில்லை. "அந்தப் பிள்ளைக்கிட்ட நான் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் மௌலவி?" என்றார்.

மூன்று வீடு, மூன்று விலை

கணக்குத் தெளிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. ராத்தாவுக்கு யூனிட்டுக்கு 37 ரூபா கிடைக்கிறது. எதிர்வீட்டு ஆசிரியருக்கு 15 ரூபா 50 சதம். இப்போது பூட்டுகிறவர்களுக்கு வேறு விலை. ஒரே ஒழுங்கை, ஒரே சூரியன். இது என்ன நியாயம்?

நமது நாட்டில் இந்த முறை 2010ஆம் ஆண்டளவில் தொடங்கியது. அப்போது காசு கிடையாது. கூடுதலாகக் கொடுத்த யூனிட்கள் உங்கள் பெயரில் வரவாக நின்று, அடுத்தடுத்த மாதப் பட்டியல்களில் கழிக்கப்படும், அவ்வளவுதான். 2016 செப்டெம்பரில் "சூரிய பல சங்கிராமய" என்ற திட்டத்தை அரசாங்கம் தொடங்கியபோதுதான் வீட்டுக்காரருக்குக் கையில் காசு கிடைக்கும் முறைகள் வந்தன. மேலே சொன்ன ராத்தாவின் வீட்டு முறை ஒன்று. வீட்டுப் பாவனையைக் கழித்து மீதிக்குக் காசு தருவது அது. இன்னொன்றில் உற்பத்தியாகும் முழுவதும் தனி மீற்றர் வழியாக விற்கப்படும், வீட்டுப் பாவனைக்கு எல்லோரையும் போலக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒப்பந்தம் 20 வருடத்துக்கு. அன்று வைக்கப்பட்ட விலை முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபா, மீதிப் பதின்மூன்று வருடத்துக்கு 15 ரூபா 50 சதம்.

எதிர்வீட்டு ஆசிரியர் 2018இல் கையெழுத்திட்டவர். 2025இல் அவருக்கு ஏழு வருடம் பூர்த்தியானது. விலை இறங்கியதும் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனுஷன் கொதித்தார். ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். எல்லாம் அதில் தெளிவாகவே இருந்தது. கையெழுத்திட்ட நாளில் அவர் அதை வாசிக்கவில்லை, அவ்வளவுதான். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறோம்?

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. எரிபொருள் இல்லை, மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூட்டப்பட்டது. டொலர் கொடுத்து எண்ணெய் வாங்க வழியில்லாத அந்தக் காலத்தில், கூரை மின்சாரத்துக்குப் புதிதாக இணைவோருக்கு 37 ரூபா என்று விலை உயர்த்தப்பட்டது. ராத்தாவின் மகன் அந்தக் காலத்தில் இணைந்தவர். 2024 ஜூலையில் புதியவர்களுக்கு அது 27 ரூபாவாகியது. 2025இல் மறுபடியும் இறக்கப்பட்டு, ஐந்து கிலோவாட் வரையான வீட்டுக்கு 20 ரூபா 90 சதம் என்றும், பெரிய அளவுகளுக்கு அதைவிடக் குறைவாகவும் வைக்கப்பட்டது.

ராத்தாவின் அந்த 280 யூனிட்டையே எடுத்துப் பாருங்கள். 37 ரூபாப்படி 10,360 ரூபா. 27 ரூபாப்படி 7,560. 20 ரூபா 90 சதப்படி 5,852. ஆசிரியரின் 15 ரூபா 50 சதப்படி 4,340. ஒப்பந்தம் செய்த நாளின் விலைதான் அந்த வீட்டுக்குப் பேசிய விலை. அடுத்தவருக்குக் கூடியது, குறைந்தது என்பதால் அது மாறுவதில்லை. விற்பனையில் விலை முன்கூட்டியே தெளிவாகப் பேசப்பட வேண்டும் என்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறேன். இந்த விஷயத்தில் ஒப்பந்தம் தெளிவாகத்தான் இருக்கிறது. தெளிவில்லாமல் இருப்பது நடுவில் நிற்கும் வியாபாரிகளின் வாய்ப்பேச்சு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு ஒரே விலை என்ற யோசனை நம்முடையதல்ல. ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இதைத்தான் செய்தது. கூரைக்காரருக்கு நிச்சயமான விலை இருந்தால்தான் அவர் பணம் போடுவார், பலர் வாங்கினால்தான் பெனல் மலியும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பெனல் மலிந்ததும் புதியவர்களுக்கு விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இங்கும் விலை இறங்கியதற்கு அது ஒரு காரணம்.

வெளிச்சம் இருந்தும் இருட்டு

மின்வெட்டுக் காலத்தில் பெனல் உள்ள வீடுகளும் மற்ற வீடுகளைப் போலவே இருட்டில் கிடந்தன. நல்ல வெயிலில், நண்பகலில், கூரையில் இலட்சக்கணக்கான ரூபாப் பெறுமதியான பெனல் பளபளக்க, கீழே மின்விசிறி ஓடவில்லை. பல பேருக்கு அப்போதுதான் இது தெரிய வந்தது. வீதி மின்சாரத்தோடு இணைக்கப்பட்ட இன்வேட்டர், வீதியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். அப்படி நிற்கத்தான் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் கையில், நமது கூரையிலிருந்து போகும் மின்சாரம் பட்டால் என்ன ஆகும்? அவருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிறது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பற்றரியும் அதற்கேற்ற வேறு வகை இன்வேட்டரும் வேண்டும். அது தனிச் செலவு.

எனக்குப் பழைய காலம் ஞாபகம் வருகிறது. யுத்த காலத்தில் எங்கள் பக்கம் மாதக் கணக்கில் மின்சாரம் இருக்காது. கார் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் பண்ணி வந்து, கறுப்பு வெள்ளை டீவியில் செய்தி பார்ப்போம். அன்று பற்றரி இருந்தது, மின்சாரம் இல்லை. இன்று கூரையில் மின்சாரம் இருக்கிறது, பற்றரிதான் இல்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொல்லப்பட்டது. நாமும் சிரித்தோம். ஆனால் ஒரு குரங்குக்கு முழு நாடும் ஏன் விழுந்தது? அன்று ஞாயிறு, தொழிற்சாலைகளும் காரியாலயங்களும் பூட்டு. தேவை குறைவு. வெயிலோ நல்ல வெயில். கூரைகளிலிருந்து மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் தராசைப் போன்றது. ஒரு தட்டில் உற்பத்தி, மறு தட்டில் பாவனை. இரண்டும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். நீர் மின்நிலையத்திலும் அனல் மின்நிலையத்திலும் சுழலும் பாரமான சக்கரங்கள், ஒரு தட்டு திடீரென்று ஆடினாலும் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். சோலாரில் அப்படிச் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை. சக்கரங்கள் குறைந்த நேரத்தில் அடி விழுந்ததால் தராசு கவிழ்ந்தது.

அதன் பின்னர்தான், அவ்வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை நாட்களில் பகல் மூன்று மணி வரை கூரை மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. ராத்தா அப்போதும் வந்து கேட்டார்: "மௌலவி, பணம் போட்டுப் பூட்டினது நாங்க. நிறுத்தச் சொல்றது அவங்க. நிறுத்தாட்டி குத்தமா?"

நியாயமான கேள்விதான். அவர் பக்கத்தில் நட்டம் உண்மை. ஒரு நாளைக்குச் சராசரி இருபது யூனிட் உற்பத்தியாகும் வீட்டுக்கு, நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நாளும் பெரும்பகுதி போய்விடும். அதற்கு ஈடு ஏதும் பேசாமல் நிறுத்து என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை எழுதத் தயக்கமும் இல்லை. வருடக் கணக்காகக் கூரை கூரையாகப் பூட்டச் சொன்னவர்கள், பகலில் மிஞ்சுவதைச் சேமிக்கும் பற்றரிக்கு முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும். ஆயினும், நாடு இருளில் விழுந்தால் வைத்தியசாலையில் மூச்சுக்கு இயந்திரம் பூட்டியவர் இருக்கிறார், குறைமாதக் குழந்தை இருக்கிறது. ஆகவே "நிறுத்திவிடுங்கள் ராத்தா, பிறகு ஈட்டைப் பற்றிக் கடிதம் எழுதுவோம்" என்றேன். நிறுத்தினார். கடிதமும் எழுதினோம்.

பகலில் மிஞ்சும் இந்த மின்சாரத்துக்கு வீட்டுப் பெண்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நண்பகலில் ஒரே ஒழுங்கையில் பல கூரைகள் ஒன்றாக மின்சாரத்தைத் தள்ளும்போது வீதிக் கம்பியில் மின்னழுத்தம் ஏறுகிறது. 230 வோல்ட் என்பது நமது அளவு. அதிலிருந்து ஓர் எல்லைக்குள்தான் கூடவோ குறையவோ அனுமதி. அதைத் தாண்டினால் இன்வேட்டர் தானாக நின்றுவிடும். நல்ல வெயிலில் பெட்டி அடிக்கடி நின்று நின்று ஓடுகிறதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த நேர உற்பத்தி வீண். சலவை இயந்திரம், அயன் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை லுஹருக்கு முன்பின்னாகப் போட்டால் வீதிக்குத் தள்ளுவது குறையும், பெட்டி நிற்பதும் குறையும். ராத்தாவின் முறையில் மாதம் முழுவதையும் கூட்டிக் கழிப்பதால் பகலில் பாவித்தாலும் இரவில் பாவித்தாலும் பட்டியலில் வித்தியாசம் வராது. ஆனால் மஃரிபுக்குப் பின் பத்தரை மணி வரைதான் நாட்டில் தேவை உச்சம். அந்த நேரத்தில் அயன் பண்ணாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

யாருக்குப் பொருந்தும்?

ஒரு கிலோவாட் பெனல் நம் நாட்டில் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். எங்கள் கிழக்கில் மாரி காலத்தில் இது நன்றாகக் குறைந்துவிடும். ஆகவே வியாபாரி காட்டும் ஓகஸ்ட் மாதக் கணக்கை வைத்து முழு வருடத்தையும் போடாதீர்கள். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி இறங்கும்.

மாதம் 50, 60 யூனிட்டோடு முடிக்கும் சிறிய குடும்பத்துக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். நமது கட்டணமுறையில் ஆரம்ப யூனிட்கள் மலிவு. 180 யூனிட்டைத் தாண்டினால்தான் விலை கடுமை. ஆகவே அதைத் தாண்டும் வீட்டுக்கே உண்மையான மிச்சம். விற்று வரும் காசைவிட, வாங்காமல் விடும் காசுதான் பெரிது. கணவன் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு பேர் என்றிருக்கும் தங்கைமார், பக்கத்து வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு நகையை வைக்க வேண்டாம். மஹராகக் கிடைத்த நகை மனைவியின் சொந்தச் சொத்து. பெனலுக்காக அதைக் கேட்கும் கணவர், அவள் மனமார இணங்கினால்தான் தொட வேண்டும்.

கடனைப் பற்றியும் கேட்கிறார்கள். 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இதற்கென 5 கோடி டொலர் கடன் வழங்கி, அது உள்ளூர் வங்கிகள் மூலம் வீடுகளுக்குப் போனது. அவை வட்டிக் கடன்கள். வட்டி எவ்வளவு குறைவானாலும் வட்டிதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வங்கியே பெனலை வாங்கி, இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, தவணைக்கு நமக்கு விற்கும் முராபஹா வழி இருக்கிறது. அதிலும் கணக்குப் பாருங்கள். மாதத் தவணை, மாத மிச்சத்தைவிடக் கூடுதலாயின் எத்தனை வருடம் கையிலிருந்து போட வேண்டும் என்பதை எழுதிப் பாருங்கள். பெனல் இருபத்தைந்து வருடம் இருக்கும் என்பார்கள், சரி. ஆனால் இன்வேட்டர் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவை ஒருவரும் முதல் நாளில் சொல்வதில்லை.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை. சுபஹுக்குப் பின், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வெடிக்கலாம். சோப்புத் தூளும் தும்பும் வேண்டாம். கடலோர வீடுகளில் உப்புக் காற்று ஆணியைத் தின்னும், ஆகவே துருப்பிடிக்காத ஆணி போட்டார்களா என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கூரைக்கு விடவே வேண்டாம். வீதி மின்சாரத்தை நிறுத்தினாலும், வெயில் இருக்கும்வரை பெனல் வயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நின்றுகொண்டுதான் இருக்கும்.

இனி நான் பின்னால் சொல்வதாகச் சொன்னது. எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் ஒரு குடும்பம். வாப்பா மீன் வியாபாரி. 27 ரூபா விலை இருந்தபோது ஒரு கம்பனிக்கு முற்பணம் கொடுத்தார். "விலை உறுதி" என்றார்கள், வாயால். பெனலும் கூரைக்கு வந்துவிட்டது. பின்னர்தான் தெரிந்தது, அந்த ஒழுங்கையின் டிரான்ஸ்போமர் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, இனி இணைக்க இடமில்லை என்று. ஒரு டிரான்ஸ்போமர் இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் எல்லை இருக்கிறது. பூட்டுவதற்கு முன் மின்சாரக் காரியாலயத்தில் எழுத்தில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். கம்பனி அதைச் செய்யவில்லை. காத்திருக்கும்போதே புதியவர்களுக்கான விலையும் இறங்கிவிட்டது. கம்பனிக்குக் கொடுத்த முற்பணத்தின் திகதி எந்த விலையையும் பிடித்து வைக்காது. மின்சாரக் காரியாலயத்தோடு செய்யும் ஒப்பந்தம்தான் பிடித்து வைக்கும்.

ஒரு நாள் அஸருக்குப் பின் அவருடைய மனைவி, முகம் வாடி, ஒரு துண்டுப் பற்றுச்சீட்டைக் கொண்டு வந்தார். அதில் தொகை இருந்தது, திகதி இருந்தது. எத்தனை நாளில் இணைப்பார்கள், இணைக்காவிட்டால் என்ன என்று ஒரு வரி இல்லை. பிள்ளையின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அது. நானும் அந்த மாணவரும் அவர்களைக் கூட்டிக்கொண்டு கம்பனிக்குப் போனோம். இரண்டாம் முறை போனபோது முகாமையாளர், மூன்று மாதத்துக்குள் இணைப்புக் கிடைக்காவிட்டால் பெனலைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டார். வாசிக்கச் சொல்லி முதலில் அந்தப் பெண்ணின் கையில்தான் கொடுத்தோம். அவர் இரண்டு முறை வாசித்தார். "மூன்று மாதம் எந்தத் திகதியிலிருந்து?" என்று கேட்டார். முகாமையாளர் பேனாவை மறுபடி எடுத்துத் திகதியையும் எழுதினார்.